அண்ணன் என்னும் அதிகாரம்

தோழர்களே, பிளவக்கல் அணைக்குக் கீழிருக்கும் இந்தக் கூமாப்பட்டியில் ஓர் உறவுப்பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: அண்ணன்.

1949 ஜூனில் வெளியான ஜார்ஜ் ஆர்வெலின் நாவலில் ‘பெரிய அண்ணன்’ எல்லோரையும் கண்காணிக்கும் சர்வாதிகாரி. அதே ஆண்டு செப்டம்பர் 17இல் தி.மு.க. பிறந்தது. தொண்டர்களுக்கு அண்ணாதுரை அண்ணன். அவர் ‘தம்பி’க்குக் கடிதம் எழுதினார். அவர் சர்வாதிகாரி அல்லர்; மக்கள் வாக்களித்து 1967இல் முதல்வரானவர். ஆனாலும் அண்ணன் சொல்வார், தம்பி கேட்பார் என்பதே அந்த உறவின் இலக்கணம்.

சேரிக்கு அந்தத் தம்பி இடமாவது கிடைத்ததா? ஊர்த்தெருப் பிள்ளைகள் நம் தாத்தாக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நம் தாத்தாக்கள் அந்தப் பிள்ளைகளைச் ‘சாமி’ என்றார்கள். அண்ணாவின் ஆட்சியில், 1968 டிசம்பர் 25இல், கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

அதே 1949இல், நவம்பர் 26 அன்று அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டது. அதன் முகப்புரையில் அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு சகோதரத்துவத்தைச் சேர்த்தது. தனிமனித மாண்பை உறுதிசெய்யும் சகோதரத்துவம். அதில் மூத்தவர், இளையவர் இல்லை.

அந்தச் சொல்லை ஊரிடம் கேட்கிற நாம் நம் வீட்டிலும் கேட்க வேண்டும். தங்கையின் படிப்பையும் கல்யாணத்தையும் தானே முடிவுசெய்கிற அண்ணன் நம் தெருவிலும் இருக்கிறான்.