தண்டவாளம் போன வழியில் மிதிவண்டி: பிரான்சின் பசும்பாதைகளும் புதுச்சேரியும்

பசும்பாதை என்பது மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லாத நெடும்பாதை ஆகும். மிதிவண்டி ஓட்டுபவர்கள், நடப்பவர்கள், சக்கர நாற்காலியில் செல்பவர்கள், சில இடங்களில் குதிரையில் செல்பவர்கள் ஆகியோர் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். பிரெஞ்சு மொழியில் இதை ‘வுவா வெர்த்’ என்பர். ‘பச்சை வழி’ என்பது அதன் நேர்ப்பொருள். பிரான்சின் கிராமப்புறங்களில் இத்தகைய பாதைகளில் பல நாட்கள் பயணம் செய்யும் பழக்கம் இன்று பரவலாக உள்ளது. இவற்றுள் பலவும் புதிதாக நிலம் எடுத்துப் போடப்பட்டவை அல்ல. படகுப் போக்குவரத்து நின்றுபோன கால்வாய்களின் கரைகளும், ரயில் நின்றுபோன இருப்புப்பாதைகளுமே பசும்பாதைகளாக மாறின. அந்த மாற்றத்தின் வரலாற்றையும், பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த புதுச்சேரியில் அதற்கு இணையாக நடந்தவற்றையும் இக்கட்டுரை கூறுகிறது.

கால்வாய்க் கரையின் இழுபாதை

இயந்திரப் படகுகள் வருவதற்கு முன் கால்வாய்ப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தனர். குதிரையோ மனிதரோ இழுத்துச் செல்வதற்காகக் கால்வாய் நெடுகிலும் ஒரு பாதை விடப்பட்டது. அது தடையின்றித் தொடர வேண்டும். சமதளமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு நகராது.

தென்பிரான்சின் ‘கனால் து மிதி’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில் பியேர் போல் ரிக்கே என்பவர் 1666 முதல் இதை வெட்டத் தொடங்கினார். 1681இல் கால்வாய் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 240 கி.மீ. பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் குடியிருப்பை ஏற்படுத்தியபோது அங்கே இந்தக் கால்வாய் வேலை நடந்துகொண்டிருந்தது. 1996இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. குதிரைகள் நடந்த கரையில் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய உறவு பக்கிங்காம் கால்வாய். ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாகப் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் பகுதி வரை வரும் இக்கால்வாயிலும் உப்பு, விறகு ஏற்றிய படகுகளைக் கரையிலிருந்து ஆட்கள் கயிறு கட்டி இழுத்ததுண்டு. ஆனால் சென்னையில் கால்வாயின் படுகையிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டன. அங்கே கரையும் ஒரே தொடர்ச்சியாக மிஞ்சவில்லை.

1879: இரண்டு ரயில் கதைகள்

பிரான்சில் பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் தெ பிரெய்சினே ஒரு பெருந்திட்டம் வகுத்தார். சிற்றூர்களையும் ரயிலால் இணைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1879 ஜூலையில் நிறைவேறிய சட்டம் 8,000 கி.மீ.க்கும் மேற்பட்ட புதிய ரயில் பாதைகளுக்கு வழிவகுத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் வயல்கள், திராட்சைத் தோட்டங்கள், காடுகள் ஊடே கிளைப் பாதைகள் ஓடின.

அதே 1879ஆம் ஆண்டில்தான் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. சுமார் 38 கி.மீ. நீளமுள்ள இந்த மீட்டர் கேஜ் பாதையில் தென்னிந்திய ரயில்வே வண்டிகளை இயக்கியது. பின்னர், 1898இல், காரைக்காலுக்கும் பேரளத்திலிருந்து சுமார் 23 கி.மீ. நீளத்தில் ரயில் பாதை அமைந்தது.

ரயில் பாதைக்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நீராவி எஞ்சினால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது. எனவே மேட்டை வெட்டியும், பள்ளத்தை நிரப்பியும், குன்றைக் குடைந்தும் பாதையை மெதுவான சரிவாக அமைத்தனர். எஞ்சினுக்காகச் செய்த இந்த ஏற்பாடு ஒரு நூற்றாண்டுக்குப் பின் குழந்தைகளும் முதியவர்களும் மூச்சிரைக்காமல் மிதிப்பதற்கு உதவியது.

சுற்றுலாவாக மாறிய மிதிவண்டி

மிதி பொருத்திய வண்டி 1860களில் பாரிசில் பரவியது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். 1891இல் மிஷ்லேன் சகோதரர்கள் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தனர். இதன் பிறகு நெடுந்தூரப் பயணம் எளிதாயிற்று. 1890இல் பிரான்சின் சுற்றுலாச் சங்கமான ‘தூரிங் கிளப் தெ பிரான்ஸ்’ தொடங்கப்பட்டது. சேன்த் எத்தியேன் நகரத்துப் போல் தெ விவி என்பவர் தம் இதழின் வழியே, பந்தயத்துக்காக அல்லாமல் ஊர் பார்ப்பதற்காக மிதிக்கும் பழக்கத்தை வளர்த்தார்.

அப்போதும் மிதிவண்டிச் சுற்றுலா வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்காகவே பெரிதும் இருந்தது. 1936இல் அது மாறியது. மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை அளிக்கும் சட்டத்தை இயற்றியது. இருவர் மிதிக்கும் ‘டான்டெம்’ வண்டியில் மூட்டை கட்டிக்கொண்டு கடலைப் பார்க்கப் புறப்பட்ட இளம் தொழிலாளர்களின் படங்கள் அந்தக் கோடையின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

மூடிய பாதைகள் திறந்த கதை

1938இல் பிரெஞ்சு ரயில்வே நிறுவனங்கள் ஒன்றிணைக்கப்பட்டு தேசிய நிறுவனமாயின. கார்களும் பேருந்துகளும் பெருகிய காலம் அது. வருவாய் குறைந்த கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்தனர். சில இடங்களில் நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. சில இடங்களில் புதர் மண்டிக் கிடந்தாலும் நிலம் பொதுவுடைமையாகவே இருந்தது. இந்த வேறுபாடே பின்னாளில் எங்கே பாதை வரும், எங்கே வராது என்பதைத் தீர்மானித்தது.

1997இல் பர்கண்டிப் பகுதியில், ஜிவ்ரி ஊரிலிருந்து குளுனி வரை சுமார் 44 கி.மீ. நீளமுள்ள பழைய ரயில் பாதை பசும்பாதையாகத் திறக்கப்பட்டது. பிரான்சின் முதல் பசும்பாதை என்று இதைக் குறிப்பிடுவர். ரயில் நிலையங்கள் சில இளைப்பாறும் இடங்களாயின. குளுனிக்குத் தெற்கே பாதை நீட்டிக்கப்பட்டபோது சுமார் 1.6 கி.மீ. நீளமுள்ள புவா கிளேர் சுரங்கமும் அதில் சேர்ந்தது. குளிர்காலத்தில் அங்கே வௌவால்கள் தங்குவதால் அந்த மாதங்களில் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். போர்தோ நகருக்குத் தென்கிழக்கே உள்ள மற்றொரு ரயில் வழிப் பாதைக்கு, 1937இல் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் வென்ற ரொஜே லப்பேபியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

1998இல் நாடு தழுவிய மிதிவண்டிப் பாதைத் திட்டத்தை அரசு ஏற்றது. 2004இல் பசும்பாதை என்ற சொல் போக்குவரத்துச் சட்டத்திலேயே இடம்பெற்றது. அதற்கெனத் தனி அறிவிப்புப் பலகையும் வந்தது. பின்னர் லுவார் ஆற்றோரமாகச் சுமார் 900 கி.மீ., ரோன் ஆற்றோரமாக 800 கி.மீ.க்கு மேல், அட்லாண்டிக் கரையோரமாகச் சுமார் 1,200 கி.மீ. என நெடுவழிகள் உருவாயின.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ‘வேலோரூத்’ எனப்படும் நெடுவழி முழுவதும் பசும்பாதை அன்று. பசும்பாதைத் துண்டுகளை, வண்டி குறைவாக ஓடும் கிராமச் சாலைகளால் இணைத்து அமைத்ததே வேலோரூத். பழைய நிலம் அறுபட்ட இடங்களில் பயணி சாலைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

புதுச்சேரி: சில மணி நேரம் மட்டும்

பிரெஞ்சு ஆட்சிக் காலப் புதுச்சேரியில் வசதி படைத்தவர்கள் ‘புஷ்புஷ்’ என்ற, ஆட்கள் பின்னாலிருந்து தள்ளும் வண்டியில் சென்றனர். பின்னர் மிதிவண்டி எளியவரின் வண்டியாயிற்று. நேர்கோட்டுத் தெருக்களும் சமதளமும் அதற்கு ஏற்றவையாக இருந்தன. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடைகள் தமிழகத்தின் எல்லா ஊர்களையும் போல இங்கும் இருந்தன. சிறுவர்கள் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது தெருவில்தான். மோட்டார் இல்லாத தெரு என்று தனியாக ஒன்று அப்போது தேவைப்படவில்லை.

இன்று நகருக்குள் மோட்டார் நுழையாத இடம் கடற்கரைச் சாலை. பிரெஞ்சுக் காலத்தில் ‘கூர் ஷாப்ரோல்’ எனப்பட்ட இச்சாலை, இப்போது முன்னாள் முதலமைச்சர் எதுவார் குபேர் பெயரில் வழங்குகிறது. மாலையிலிருந்து மறுநாள் காலை வரை இங்கு மோட்டார் வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. மக்கள் கூட்டமாக நடக்கிறார்கள். குழந்தைகள் அச்சமின்றி ஓடுகிறார்கள். ஆனால் இதன் நீளம் சுமார் ஒன்றரை கி.மீ. மட்டுமே. பிரான்சில் நிலமே மோட்டாரிலிருந்து விலக்கப்பட்டது. இங்கே விலக்கப்பட்டது நேரம். காலையில் தடுப்பை அகற்றியதும் அது மற்ற சாலைகளைப் போன்றதே.

நகருக்கு வடக்கே, 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில்லில் மரங்களினூடே மிதிவண்டிக்கென மண்பாதைகள் உள்ளன. செம்மண் பொட்டலாக இருந்த நிலத்தில் காடு வளர்த்தபோது, அதனுடன் இப்பாதைகளும் சேர்ந்து வளர்ந்தன. பிரான்சின் பசும்பாதைக்கு இப்பகுதியில் மிக நெருக்கமானவை இவையே.

காரைக்கால் – பேரளம்: மறுபக்கம்

காரைக்கால் – பேரளம் ரயில் 1980களில் நிறுத்தப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பர்கண்டியில் நடந்தது போலவே இங்கும் ரயில் போன வழி வெறும் மண்மேடாக நின்றது. ஆனால் அது பசும்பாதை ஆகவில்லை. நீண்ட இடைவெளிக்குப் பின், அண்மை ஆண்டுகளில், அதே தடத்தில் அகலப்பாதை போடப்பட்டது.

இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. ரயில் திரும்பி வந்தது அந்த ஊர்களுக்கு நன்மையே. நிலத்தை முற்றிலும் கைவிட்டிருந்தால் மிதிவண்டிப் பாதையும் வந்திருக்காது, ரயிலும் வந்திருக்காது. அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஓடாத ரயில் பாதையை நடைபாதையாகவும் மிதிவண்டிப் பாதையாகவும் பயன்படுத்தலாம், தேவை வந்தால் ரயிலுக்குத் திருப்பித் தரலாம். அதாவது, மிதிவண்டி அங்கே நிலத்துக்குக் காவல் இருக்கிறது. காரைக்கால் தடம் சும்மா கிடந்த அத்தனை ஆண்டுகளில், அந்தக் காவல் வேலையைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் சைக்கிள்களும் செய்திருக்க முடியும்.

மீதமிருக்கும் கரைகள்

புதுச்சேரிப் பகுதியில் கைவிடப்பட்ட கிளை ரயில்கள் இல்லை. ஆனால் தொடர்ச்சியான பொதுநிலம் வேறு வடிவில் இருக்கிறது. ஊசுட்டேரி, பாகூர் ஏரி உட்பட எண்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளும் அவற்றின் கரைகளும் வாய்க்கால்களும்தாம் அவை. பனைமரங்கள் நிற்கும் இக்கரைகள் சமதளமானவை. ஊரை ஊரோடு இணைப்பவை.

இரண்டு சிக்கல்கள் உண்டு. புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பு அன்று. தமிழ்நாட்டு ஊர்கள் இடையிடையே வருகின்றன. ஊசுட்டேரியே இரு ஆட்சிப் பகுதிகளிலும் பரவியுள்ளது. எனவே இரு அரசுகளும் சேர்ந்தால்தான் பாதை தொடரும். அடுத்தது, ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் கட்டுப்பாடு வேண்டும். புவா கிளேர் சுரங்கத்தை வௌவால்களுக்காக மூடுவது இதற்கு முன்மாதிரி.

இது சுற்றுலாப் பயணிகளுக்கான செய்தி மட்டும் அன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தபோது, ஏராளமான கிராமத்துப் பெண்கள் முதன்முறையாகத் தாங்களே ஓரிடம் சென்று திரும்பினர். இன்று தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு அரசே சைக்கிள் தருகிறது. வண்டி கையில் இருக்கிறது. அதை அச்சமின்றி ஓட்ட இடம்தான் குறைந்துகொண்டே போகிறது. பிரான்சில் அந்த இடம் கிடைத்ததற்குக் காரணம் பெரும் செல்வம் மட்டும் அன்று. பயன் தீர்ந்த நிலத்தைக் கூறுபோட்டு விற்காமல் வைத்திருந்த ஊர்களுக்கே பசும்பாதை வாய்த்தது.