யாரிடமிருந்து இரகசியம்?

1985 ஜனவரி 24 அன்று டிஸ்கவரி விண்ணோடம் ஐந்து பேருடன் புறப்பட்டது. புறப்படும் நேரத்தையே ஒன்பது நிமிடங்களுக்கு முன்புதான் வெளியே சொன்னார்கள். அது சுமந்து சென்றது அமெரிக்க இராணுவத்தின் உளவுச் செயற்கைக்கோள் என்று பத்திரிகைகள் எழுதின. அரசு வாய் திறக்கவில்லை.

பிரித்தானியாவும் தன் இராணுவச் செயற்கைக்கோளை விண்ணோடத்தில் அனுப்ப இருந்தது. ஸ்கைநெட் 4 என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளுடன், விமானப்படையின் நைஜல் வுட் 1986 ஜூனில் பறக்க வேண்டியவர். ஆனால் அவ்வாண்டு ஜனவரி 28 அன்று சேலஞ்சர் வெடித்துச் சிதறியது. இறந்த எழுவரில் ஒருவரான எலிசன் ஒனிசுக்கா, டிஸ்கவரியின் அந்த இரகசியப் பயணத்தில் போய்வந்தவர். வுட்டின் பயணமும் நின்றுபோயிற்று.

ஸ்கைநெட் என்ற பெயருக்குப் பின்னால் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. 1987 ஜனவரியில் பத்திரிகையாளர் டங்கன் கேம்பல் அதை நியூ ஸ்டேட்ஸ்மன் இதழில் எழுதினார்: 'சிர்கான்' என்ற ஒட்டுக்கேட்கும் செயற்கைக்கோள், செலவு சுமார் 50 கோடி பவுண்டு, நிலைகொள்ளவிருந்த இடம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே. பெரிய பாதுகாப்புத் திட்டங்களைப் பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்குத் தெரிவிப்பதாக ஒப்புக்கொண்டிருந்த அரசு, இதை மட்டும் மறைத்தது என்பதே அவருடைய குற்றச்சாட்டு.

அவர் எடுத்த படத்தை பிபிசி ஒளிபரப்பாமல் நிறுத்தியது. உறுப்பினர்கள் பாராளுமன்றக் கட்டடத்துக்குள் அதைப் பார்ப்பதற்கும் சபாநாயகர் தடை விதித்தார். கிளாஸ்கோவில் உள்ள பிபிசி அலுவலகத்தில் காவல்துறை புகுந்து சோதனையிட்டது.

இலண்டனில் தகவல் தொழில்நுட்ப ஆலோசகராக இருக்கும் எனக்கு, இரகசியம் என்பது ஓர் அனுமதிப் பட்டியல்: யார் எதைப் பார்க்கலாம், யார் எதைப் பார்க்கக்கூடாது என்பதுதான் அது. சிர்கானின் பட்டியலை அப்படி வாசித்தால் ஒன்று புலப்படும். வானில் ஒரு புதிய பொருள் நிலைகொண்டால் சோவியத் கண்காணிப்பாளர்களுக்கு அது தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கப்போகிறவர்கள் அதற்குப் பணம் கொடுத்த மக்களும் அவர்களின் பிரதிநிதிகளும்தான். எந்த அலைவரிசையை ஒட்டுக்கேட்கிறது என்பதை மறைப்பதில் நியாயம் உண்டு. செலவுக் கணக்கை மறைப்பதில் என்ன நியாயம்?

செலவு கட்டுப்படியாகாது என்று அதே 1987இல் அரசே சிர்கானைக் கைவிட்டது. பாராளுமன்றம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அந்தச் செலவைப் பற்றியதுதான். படம் 1988இல் ஒளிபரப்பானது. அதற்குள் மறைக்க எதுவும் மிச்சமில்லை.