தென்காசி, குற்றால வட்டார ஊர்ப்பெயர்கள்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மாவட்டம் புதிது, ஊர்ப்பெயர்கள் மிகப் பழையவை.

ஆய்க்குடி அவற்றுள் மூத்தது. பொதிகை மலையை ஆண்ட வள்ளல் ஆய் அண்டிரனின் குடி இது என்பர். வடக்கே இமயம்போலத் தெற்கே ஆய்குடி என்று உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் இவ்வூரைப் போற்றியுள்ளார்.

தென்காசி என்பது இடம்பெயர்ந்து வந்த பெயர். 15ஆம் நூற்றாண்டில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் இங்குக் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டினான். வடகாசிக்குச் செல்ல இயலாதவர்களுக்காக எழுந்த தலம் என்பது மரபு. இங்கிலாந்தின் பாஸ்டன் நகரப் பெயரைக் குடியேறிகள் அமெரிக்கக் கடற்கரைக்குக் கொண்டுசென்றதும் இவ்வகையே. ஆனால் அந்த நகரம் இருக்கும் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பெயர் பெரிய குன்றைக் குறிக்கும் பழங்குடிச் சொல்.

நம் குன்றுக்கும் பெயருண்டு. மூன்று சிகரங்களால் குற்றாலமலை திரிகூடம் எனப்பட்டது. குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் பெயரிலும் அம்மலை நிற்கிறது.

குற்றாலம் என்ற சொல்லைக் குறு + ஆல் என்று பிரிப்பர். குறு + உயிர் குற்றுயிர் ஆவதுபோல இதுவும் விதிக்கு இசைகிறது. அங்கிருந்து இறங்கும் சிற்றாறும் (சிறு + ஆறு) அதே விதிதான். கோயிலின் தலமரமோ ஆல் அன்று, குறும்பலா. திருஞானசம்பந்தர் குற்றாலத்திற்கு ஒன்றும் குறும்பலாவுக்கு ஒன்றுமாக இரு பதிகங்கள் பாடியுள்ளார். எனவே மரத்தை வைத்து மட்டும் இதை முடித்துவிட முடியாது. இரண்டிலும் 'குறு' இருப்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். பேச்சில் நாங்கள் 'குத்தாலம்' என்போம். மயிலாடுதுறை அருகிலுள்ள குத்தாலம் வேறு ஊர். தேவாரத்தில் அது திருத்துருத்தி. மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புளியங்குடியைப் புலியோடு சேர்த்துக் கதை சொல்வோர் உண்டு. எழுத்தைப் பார்த்தாலே போதும்: ளகரம். புளி மரத்தைக் குறிக்கும்போது 'அம்' சாரியை பெறும் என்கிறது தொல்காப்பியம். புளி + அம் + குடி. இலஞ்சி என்றால் நீர்நிலை. மகிழமரம் என்றும் பொருளுண்டு. இரண்டுமே அவ்வூருக்குப் பொருந்தும்.

திருமலைக்கோயில் அடிவாரத்துப் பண்பொழியின் பழம்பெயர் பைம்பொழில், பசுமையான சோலை. 'பண் பொழியும் ஊர்' என்று என் மாணவன் ஒருவன் தேர்வில் எழுதினான். அழகான பிழை, அரை மதிப்பெண் கொடுத்தேன். பெயர்ப்பலகையில் உள்ளதைத்தானே அவன் படித்தான்!

குற்றாலம் ஆங்கிலத்தில் 'கோர்ட்டல்லம்' ஆகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் அப்படியே கேட்கிறார்கள். 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புப்படி ஆங்கிலத்தில் எழுதத் தமிழக அரசு 2020 ஜூனில் ஆணையிட்டது. எழுத்துக்கூட்டலில் சர்ச்சை எழவே, சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது.