புதுச்சேரி நிலவும் ஒரு சோழிக் கணக்கும்

புதுச்சேரிக்குக் கிழக்கே கடல். அதனால் பௌர்ணமி மாலையில், மேற்கே சூரியன் இறங்கும் நேரத்தில் நிலவு கடலிலிருந்தே எழும்பி வருவதைக் கரையில் நிற்கும் யாரும் பார்க்கலாம். மறுநாள் அதே நேரத்துக்குப் போனால் நிலவு இருக்காது. ஏறக்குறைய 50 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்கடுத்த நாள் இன்னும் 50 நிமிடம். இப்படியே தள்ளிப்போய், தேய்பிறை அஷ்டமி வாக்கில் நள்ளிரவில் உதித்து நண்பகலில் மறையும். அமாவாசையன்று சூரியனோடு எழுந்து சூரியனோடே போய்விடும். வளர்பிறை அஷ்டமியில் நண்பகலில் உதயம், நள்ளிரவில் அஸ்தமனம். சுமார் இருபத்தொன்பதரை நாளில் மறுபடி பௌர்ணமி.

பார்க்க எளிமைதான். கணக்குப் போட உட்கார்ந்தால்தான் தொல்லை! அந்த 50 நிமிடம் வெறும் சராசரி. நிலவு ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது ஒரு நாளில் 15 பாகை வரை ஓடும், தொலைவில் இருக்கும்போது 12 பாகைகூடத் தேறாது. சூரியனை விட்டு நிலவு 12 பாகை விலக எடுத்துக்கொள்ளும் நேரம்தான் ஒரு திதி. ஆகவே ஒரு திதி 20 மணி நேரத்தில் முடிவதும் உண்டு, 26 மணி நேரம் வரை இழுப்பதும் உண்டு.

தொலைநோக்கி இல்லாத காலத்தில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். நிலவின் வேகம் ஏறி இறங்கி மறுபடி பழைய நிலைக்கு வர சுமார் 27.55 நாள். இதை ஒன்பதால் பெருக்கினால் கிட்டத்தட்ட சரியாக 248 நாள். அப்படியானால் 248 நாளுக்கான நிலவின் இருப்பிடத்தை ஒருமுறை எழுதி வைத்தால் போதும், அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதை மனப்பாடமே செய்தார்கள்! நாளுக்கு ஒன்றாக 248 சிறு வாக்கியங்கள். வரருசி என்பவர் செய்தது என்பது மரபு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். ய என்றால் 1, ர என்றால் 2, ந என்றால் 0. எழுத்துகளை எண்ணாக்கிக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை என்று வரும். இரண்டாவது 24 பாகை 9 கலை. மூன்றாவது 36 பாகை 22 கலை. இரண்டாம் நாள் 12 பாகை 6 கலை நகர்ந்த நிலவு, மூன்றாம் நாள் 12 பாகை 13 கலை நகர்கிறது. வேகம் மெல்லக் கூடுவது அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

248 நாளில் மிஞ்சும் சிறு பிழையைச் சரிக்கட்ட 3031 நாள், 12372 நாள் என்று பெரிய சுற்றுகளும் உண்டு. கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்களில் இவற்றைக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்கும் மிச்சம்தான் வாக்கியத்தின் எண். கழித்த ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய பாகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். போன வருட நிலுவையைப் புதுப் பேரேட்டில் ஆரம்ப இருப்பாக ஏற்றுவது போலத்தான்.

இந்த முறையைப் பற்றி ஐரோப்பாவுக்கு முதலில் விவரமாக எழுதியவர்களில் ஒருவர் கியோம் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர். பாவப்பட்ட மனிதர். 1761-ல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் கப்பலிலேயே நின்றுபோனார். அடுத்த கடப்புக்காகக் காத்திருந்து 1768-ல் வந்து சேர்ந்தார். 1769 ஜூன் 4 காலை, மேகம் மூடிவிட்டது! ஆனால் காத்திருந்த நாட்களில் உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கக் கற்றிருந்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 விநாடி அதிகம் என்று பதிவு செய்தார்.

சுமார் அறுபது ஆண்டு கழித்து இன்னொருவர். சென்னை வானாய்வுக் கூடத்தைச் சில ஆண்டுகள் கவனித்த ஜான் வாரன். 1825-ல் வெளிவந்த தன் ‘கால சங்கலித’ நூலில், புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயரை ‘சாமி நாடன் சசியா’ என்பது போல எழுதுகிறார். சாமிநாத சேஷய்யாவாக இருக்கலாம். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை மனதிலிருந்து சொல்லி, அந்த ஆண்டு மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. ஆனால் வானியல் கோட்பாடு அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது என்கிறார் வாரன்.

இது கொஞ்சம் அநியாயம். கூட்டு வட்டி அட்டவணையைப் பார்த்துக் கணக்கு எழுதும் குமாஸ்தாவிடம் சூத்திரத்தை நிறுவச் சொல்லி யாரும் கேட்பதில்லையே!

விடை என்ன ஆயிற்று? கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபவர் 1952-ல் இதைச் சரிபார்த்தார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. லெ ஜென்டிலின் 41 விநாடியை மட்டும் மின்னஞ்சலில் பெருமையாக அனுப்புகிறவர்கள் இந்த 52 நிமிடத்தைச் சொல்வதே இல்லை. நாய்கெபவருக்கோ பிழையைவிட அந்த மனிதரே முக்கியம். அதே 248 நாள் சுற்று பாபிலோனிய களிமண் பலகைகளிலும், எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் சுவடியிலும் இருக்கிறது. மற்ற இடங்களில் மண்ணிலிருந்து தோண்டியெடுக்க வேண்டியிருந்த ஒரு வகைக் கணக்கை, புதுச்சேரியில் ஒருவர் 1825-லும் தரையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார்.

பின்னர் அதே சென்னை வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதிட்டுத் தாமே ஒன்றை வெளியிட்டார். அந்த வழியில் வந்தது திருக்கணிதம், பழையது வாக்கியம். சண்டை இன்னும் தீரவில்லை. ஒரே திதி இரண்டிலும் வெவ்வேறு நேரத்தில் முடிகிறது. நிலவோடு நிற்காமல் சனி வரைக்கும் போகிறது இந்த வேறுபாடு. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-ல் நடந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே ஆண்டு டிசம்பர் 20-ல்தான் நடந்தது. திருநள்ளாறு இருப்பதும் புதுச்சேரி மாநிலத்தில்தான்.