ஸ்பிராக்கெட் தண்டு ஆயில் சீல்

ஸ்பிராக்கெட் தண்டு ஆயில் சீல் என்பது மோட்டார் சைக்கிளின் கியர் பெட்டியிலிருந்து வெளியே நீளும் தண்டுக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளியை அடைத்து, உள்ளிருக்கும் எண்ணெய் கசியாமலும் வெளியிலுள்ள சேறும் நீரும் உள்ளே புகாமலும் காக்கும் ரப்பர் வளையமாகும். செயினை இழுக்கும் முன் ஸ்பிராக்கெட், அதாவது சிறிய பல்சக்கரம், இத்தண்டின் நுனியில் அமர்ந்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் இவ்வளையம் பழுதுற்றால் குறைவது எஞ்சின் எண்ணெயே ஆகும்.

வரலாறு

தொடக்கக் கால இயந்திரங்களில் சுழலும் தண்டுகளின் கசிவைக் கம்பளி வளையங்களும், தண்டின் மேல் திருகுபோல் வெட்டப்பட்டு எண்ணெயை உள்ளே திருப்பியனுப்பும் பள்ளங்களும் ஓரளவே தடுத்தன. இவற்றுக்கு அடுத்து வந்தது தோல். ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849இல் தோல் பதனிடும் தொழிலாகத் தொடங்கப்பட்ட ஃபிராய்டன்பெர்க் நிறுவனம், தன்னிடமிருந்த தோலைக் கொண்டே 1929 முதல் அடைப்பு வளையங்களைச் செய்யலாயிற்று. அங்குப் பணியாற்றிய ஆஸ்திரியப் பொறியாளர் வால்டர் சிம்மரின் பெயரால் அவ்வளையம் ‘சிம்மரிங்’ என அழைக்கப்பட்டது; இன்றைய ஆயில் சீலின் வரலாறு அதனுடன் தொடங்குகிறது எனல் பொருந்தும். தோல் எண்ணெயை உறிஞ்சி நெகிழ்வுடன் இருந்தபோதிலும் சூட்டில் சுருங்கி விறைத்தது. 1936இல் சிம்மரிங்கில் தண்டைத் தழுவும் உதடு செயற்கை ரப்பருக்கு மாறியதும் இக்குறை பெருமளவு நீங்கியது. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெடும். நைட்ரைல் எனப்படும் செயற்கை ரப்பரோ அதைத் தாங்கி நிற்கும். 1950களின் பிற்பகுதியில் டூபாண்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வைட்டான் என்னும் ஃபுளூரின் ரப்பர், நைட்ரைல் தாங்கும் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் எல்லையை 200 டிகிரி வரை உயர்த்தியது.

அமைப்பும் வகைப்பாடும்

இவ்வளையம் வடிவம் தரும் எஃகுத் தகட்டு உறை, தண்டைத் தழுவும் ரப்பர் உதடு, உதட்டின் முதுகில் சுற்றி அதை இறுக்கும் மெல்லிய சுருள் ஸ்பிரிங் ஆகிய மூன்று உறுப்புகளால் ஆனது. உதட்டின் எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் காற்றுப் பக்கச் சரிவு தாழ்வாகவும் அமைக்கப்படுவதால், தண்டு சுழலும்போது உதட்டின் அடியில் புகும் எண்ணெய் மீண்டும் உள்நோக்கித் தள்ளப்படுகிறது. ஆகவே சீலைத் திருப்பி மாட்டினால் அதுவே எண்ணெயை வெளியேற்றும் கருவியாகிவிடும். 20 மி.மீ. விட்டமுள்ள தண்டு நிமிடத்திற்கு 2,000 முறை சுழன்றால் உதட்டின் அடியில் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில் உரசல் நிகழும்.

ஜெர்மானியத் தர விதியான டின் 3760, வெளிப்புறம் முழுதும் ரப்பர் பூசியதை ‘ஏ’ என்றும், எஃகு உறை வெளியே தெரிவதை ‘பி’ என்றும், அவ்வுறைக்குள் வலுவூட்டும் இன்னொரு தகடு உடையதை ‘சி’ என்றும் பகுக்கிறது. தூசியைத் தடுக்கும் இரண்டாம் உதடு இருந்தால் ‘எஸ்’ சேர்ந்து ‘ஏஎஸ்’, ‘பிஎஸ்’, ‘சிஎஸ்’ ஆகும். சேறு நேராகப் படும் ஸ்பிராக்கெட் தண்டுக்கு இரண்டு உதடுகள் கொண்டவையே ஏற்றவை. வளையத்தின் முகத்தில் 20×34×7 என்பதுபோல் பொறிக்கப்படும் மூன்று எண்கள் முறையே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகியவற்றை மில்லிமீட்டரில் குறிக்கும்.

கசிவின் காரணங்கள்

ஸ்பிராக்கெட்டைச் சுற்றிக் காணப்படும் எண்ணெய் முழுவதும் இச்சீலிலிருந்து வந்ததாகாது. கியர் மாற்றும் தண்டின் சீல், சில வண்டிகளில் கிளட்ச் தள்ளுதண்டின் சிறு சீல், நியூட்ரல் சுவிட்சின் வளையம் ஆகியவையும் ஸ்பிராக்கெட்டை மறைக்கும் அதே மூடிக்குள் இருப்பதாலும், செயினுக்கு இட்ட எண்ணெயும் அங்கேயே தெறிப்பதாலும், அவ்விடத்தை மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்தி, முகப் பவுடரைத் தூவி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, ஈரக்கோடு எங்கிருந்து இறங்குகிறது என்று பார்ப்பதே தக்க முறையாகும். சீல் கெடுவதற்கு உதடு சூட்டில் இறுகுவது மட்டுமின்றி, அளவுக்கு மீறி இறுக்கிய செயின் தண்டை ஒரு பக்கம் இழுப்பதும், தேய்ந்த பேரிங் தண்டை ஆடவிடுவதும், பெட்டியின் மூச்சுக்குழாய் அடைபட்டு உள்ளழுத்தம் ஏறுவதும் காரணங்களாகும்.

பழுதுபார்த்தல்

செயினைக் கழற்றுவதற்கு முன்பே, வண்டியைக் கியரில் வைத்துப் பின் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஸ்பிராக்கெட் நட்டைத் தளர்த்த வேண்டும். பூட்டு வாஷரின் மடிந்த காது முதலில் நிமிர்த்தப்படும். ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் நட்டு கிடையாது. இரண்டு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்ட பூட்டுத் தகடே ஸ்பிராக்கெட்டைத் தாங்குகிறது. பழைய சீலின் தகட்டில் சிறு துளையிட்டு, அதில் திருகாணியை ஏற்றி, இடுக்கியால் இழுத்து எடுக்கலாம். துளை ஆழமானால் பின்னாலுள்ள பேரிங் சேதமுறும்.

அடுத்துத் தண்டில் உதடு உரசிய இடத்தை விரல்நகத்தால் வருட வேண்டும். நகம் பள்ளத்தில் தடைபட்டால், புதிய சீல் அதே பள்ளத்தில் அமர்ந்து மீண்டும் கசியும். அப்போது சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்தலாம், அல்லது தண்டின் மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றலாம். தண்டின் மேல் கழற்றக்கூடிய காலர் இருந்தால் அதைத் திருப்பி மாட்டுவதோ புதிதாக்குவதோ போதும். அதன் உள்ளிருக்கும் ஓ-ரிங்கும் உடன் மாற்றப்பட வேண்டும், ஏனெனில் காலருக்கு அடியில் கசியும் எண்ணெயைப் புதிய சீல் தடுக்காது. தண்டின் கூரிய பல்வரிகளை மெல்லிய டேப்பால் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளிவிட்டத்திற்குச் சற்றுக் குறைந்த சாக்கெட்டை வைத்துச் சமமாகத் தட்டி ஏற்றுவர். சீலை மாற்றாமல் கசிவை நிறுத்த எண்ணெயில் சேர்க்கப்படும், ரப்பரை ஊதவைக்கும் கலவைகள் தற்காலிக ஏமாற்றே.

சென்னைத் திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டின் பழைய வகையில் இவ்வேலை நீளும். அதில் முன் ஸ்பிராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் இருப்பதால், பிரைமரி செயின் பெட்டியும் கிளட்சும் கழற்றப்பட்ட பின்னரே சீலின் முகம் தென்படும்.

தற்கால நிலை

புதிய சீல்களில் டெஃப்லான் வகை உதடுகளும் காணப்படுகின்றன.