மரப்பொந்துச் சிலந்திக்குப் பெயர் பிறந்த கதை

டி.பி. ரோடு, ஆர்.எஸ்.புரம், கோவை. இந்த விலாசத்தை எழுதும்போதெல்லாம் ஒரே மனிதரை இரண்டு தடவை கூப்பிடுகிறோம். ரத்தினசபாபதி முதலியாரின் பெயர் பேட்டைக்குப் போனது. அவருடைய திவான் பகதூர் பட்டம் ரோட்டுக்குப் போனது. இன்ஷியலாகச் சுருங்கியதும் ஆள் உள்ளே ஒளிந்துகொண்டார். ஒரு சிலந்தியின் பெயருக்குள் இப்படி ஒரு கோயிலே ஒளிந்திருக்கிறது.

கதை அதன் இலங்கை உறவுச் சிலந்தி ஒன்றில் தொடங்குகிறது. மரப்பொந்தில் வாழும் பெரிய எட்டுக்கால் பூச்சி அது. காலை விரித்தால் உள்ளங்கையை மறைக்கும். மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தட்டுப்படாது. சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கும். அடிப்பக்கம் பளீரென்று மஞ்சள். 1804-இல் பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் இதற்கு ‘மிகாலே ஃபாசியாடா’ என்று பெயரிட்டார். ஃபாசியாடா என்றால் பட்டை போட்டது. அன்றைக்குத் தடித்த சிலந்திகள் பலவும் மிகாலேதான். எல்லாச் சரக்கும் ஒரே குடோனில்.

1850-இல் ஜெர்மானியர் கோக், ‘ஸ்கூரியா’ என்று தனிப் பேரினம் வகுத்தார். ஆனால் 1847-லேயே அந்தப் பெயர் பாறையில் ஒட்டி வாழும் ஒரு கடல் நத்தைக்குப் போயிருந்தது. எங்கள் பக்கம் வகுப்புக்கு நாலு பழனிசாமி இருந்தால் இன்ஷியல் போட்டுச் சமாளிப்போம். விலங்கியலில் அந்தச் சலுகை இல்லை, முந்தியவருக்கே பெயர். கடைசியில் நிலைத்தது 1885-இல் யூஜின் சிமோன் வைத்த ‘போசிலோதேரியா’. கிரேக்கச் சொற்களைக் கூட்டினால், பலநிறப் புள்ளி விலங்கு.

1899-இல் ஆங்கிலேயர் போகாக் இந்தப் பேரினத்தின் இனங்களை வரிசைப்படுத்தினார். ஆந்திரத்துக் குத்தியில் கிடைத்த நீலச் சிலந்தி ‘மெட்டாலிகா’ ஆனதும் அந்த ஆண்டுதான்.

2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித், ராமேஸ்வரம் தீவில் கிடைத்த இதே பேரினத்து இனம் ஒன்றுக்கு ‘அனுமவிலாசுமிகா’ என்று பெயர் வைத்தார். அங்குள்ள அனுமன் கோயிலின் பெயர் அது. பழைய தோப்புகள் குறையக் குறைய இந்தச் சிலந்தியும் அருகிவருகிறது. 2015-இல் இதே இனம் மன்னாரிலும் இருப்பதை இலங்கை ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இரண்டு கரையும் ஒரே தரையாக இருந்தன. அனுமன் கடலைத் தாண்டினார். அவர் கோயிலின் பெயரைச் சுமக்கும் இந்தப் பூச்சி மரம் மரமாக நடந்தே போயிருக்கும். கடல் பிறகுதான் வந்தது.