கழிமுகத்தில் முடியும் கொங்குப் பெருவழி

கொங்குநாட்டுக்குக் கடல் இல்லை. மூன்று புறமும் மலைகள்; கிழக்கே காவிரியை நோக்கிச் சரியும் மேட்டுநிலம். நெய்தல் திணையை வகுப்பில் நடத்தும்போது, கழியென்றால் என்ன, கானலென்றால் என்ன என்று நம் பகுதி மாணவர்களுக்குப் படம் வரைந்துதான் விளக்கவேண்டியிருக்கிறது. ஆயினும் கொங்கு வரலாற்றின் மிகப் பழைய பக்கங்களுள் ஒன்று, கடலும் கழியும் அருகருகே கிடக்கும் ஒரு மணற்கரையில்தான் சென்று முடிகிறது. அந்தப் பக்கத்தை நண்பர்களுடன் சற்றே புரட்டிப் பார்க்க விழைகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவரில் இயற்கை விட்டுவைத்த பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள இவ்வாயில் வழியாகத்தான் தென்மேற்குக் காற்று கோவைக்குள் நுழைகிறது. வணிகரும் இவ்வழியேதான் வந்து போயினர். கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் தமிழிலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று ‘இராசகேசரிப் பெருவழி’ என்று ஒரு சாலையைக் குறிக்கிறது. அதனைச் சோழன் முதலாம் ஆதித்தன் காலத்ததாக அறிஞர் கருதுவர். கல்வெட்டு கி.பி. 9ஆம் நூற்றாண்டினதாயினும், வழி அதனினும் பல நூற்றாண்டுகள் மூத்தது. வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் கருவூரிலும் கிடைத்த உரோமானியக் காசுகளே அதற்குச் சான்று.

அக்காசுகள் எதற்கு விலையாக வந்தன? விடை நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு அருகே, கொடுமணலில் இருக்கிறது. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு அகழாய்வைத் தொடங்கியது, பேராசிரியர் கா. இராசன் அவர்களின் உழைப்பு இதில் குறிப்பிடத்தக்கது. இரும்பு உருக்கிய உலைகள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானையோடுகள், மணிகள், மணி செய்கையில் கழித்த கற்சில்லுகள் என அங்கே ஒரு தொழிற்கூடமே மண்ணுக்குள்ளிருந்து எழுந்தது. அருகிலுள்ள படியூரில் கடல்நீல நிறமுள்ள பச்சைக்கல் கிடைத்தது. இத்தகைய கல் இந்தியாவிலிருந்தே வருகிறது, பிற இடங்களில் கிடைப்பது அரிது என்று உரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்தார்.

பதிற்றுப்பத்தில் கபிலரும் (67) அரிசில்கிழாரும் (74) கொடுமணத்தைப் பாடுகின்றனர். இரு பாடல்களிலும் கொடுமணத்தை அடுத்துப் பந்தர் என்ற ஊரும் வருகிறது. ஒன்று அணிகலன் செய்யும் உள்நாட்டூர். மற்றொன்று முத்துக்குப் பெயர்பெற்ற பட்டினம். உலைக்களத்தையும் கடற்கரையையும் ஒரே மூச்சில் சொல்லும் வழக்கம் அன்றே புலவர்க்கு இருந்தது.

அந்தக் கடற்கரைகளுள் தலையாயது முசிறி. அகநானூறு (149), பொன்னொடு வந்து மிளகொடு பெயரும் யவனர் கலங்களைக் காட்டுகிறது. புறநானூறு (343), மீனும் நெல்லும் மிளகும் கைமாறுவதையும், கலத்தில் வந்த பொன் கழித்தோணிகளால் கரைசேர்வதையும் சொல்கிறது. ‘கழித்தோணி’ என்ற இச்சொல் வெறும் அழகுக்காக வந்ததன்று. பெருங்கலங்கள் கரையை அணுக இயலாமல் தொலைவிலேயே நின்றன, சரக்குகளைச் சிறு படகுகளே சுமந்தன என்று பிளினியும் குறிக்கிறார். தமிழ்ப் புலவனும் இலத்தீன் உரைநடையாளனும் ஒரே காட்சியைச் சொல்கின்றனர்.

அக்காட்சியின் நிலவியலை அறிய விரும்புவோர் வைப்பின் தீவின் வடபாகத்திலுள்ள குழுப்பிள்ளிக் கடற்கரைக்குச் செல்லலாம். கோவையிலிருந்து இரயிலில் ஆலுவா. அங்கிருந்து பேருந்தில் வடக்குப் பறவூர் வழியாகத் தீவுக்குள் நுழையலாம். வாரநாளின் காலையில் அங்கு ஆளரவம் மிகக் குறைவு. மேற்கே அலையடிக்கும் கடல். கிழக்கே அசைவற்ற காயல். இடையில் ஒடுங்கிய மணற்பட்டை. காயலை ஒட்டிய வயல்களில் மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் பொக்காளி நெல் விளைகிறது. அறுவடைக்குப் பின் அதே வயலில் உப்புநீரைப் பாய்ச்சி இறால் வளர்க்கின்றனர். மீனையும் நெல்லையும் சேர்த்துப் பாடிய புறநானூற்றுப் புலவர்க்கு இது வியப்பளித்திராது.

ஆனால் அந்த மணலைச் சங்ககாலத்து மணல் என்று எண்ணிவிடலாகாது. 1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் பாய்ந்து முகத்துவாரத்தை மாற்றிற்று, வைப்பின் தீவு உருவாயிற்று என்பது அப்பகுதியின் மரபு வரலாறு. அவ்வாண்டிலிருந்தே ‘புதுவைப்பு’ என்றொரு ஆண்டுக்கணக்கும் வழங்கியது. கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்தது, கொச்சி எழுந்தது. 2007 முதல் வடக்குப் பறவூரை அடுத்த பட்டணத்தில் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளும், செங்கல் துறையும், ஒரே மரத்தில் குடைந்த தோணியும் கிடைத்தன. அதுவே முசிறியா என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. கழி தன் கரையை மாற்றிக்கொண்டே இருப்பதால், வரைபடத்தில் ஒரு புள்ளியை வைப்பது எளிதன்று. 2018 ஆகஸ்டில் அதே பெரியாறு பறவூர் வட்டாரத்தை மூழ்கடித்தபோது, பழைய கதை வெறும் கதையன்று என்பது கண்கூடாயிற்று.

வியன்னாவிலுள்ள ஒரு பாப்பிரசுத் தாள், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ‘எர்மபொல்லோன்’ என்ற கலம் கொண்டுசென்ற சரக்கையும், அதற்கு விதித்த நான்கில் ஒரு பங்கு வரியையும் கணக்கிடுகிறது. அதே தாள் முசிறியையொட்டிய கடன் உடன்படிக்கையையும் பேசுகிறது. வணிகர் கணக்கு எஞ்சியிருக்கிறது. கல்லைப் பட்டை தீட்டிய கொடுமணல் கைகளின் கணக்கு ஓடுகளிலும் சில்லுகளிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

இங்கே நமக்கொரு கேள்வி எழுகிறது. பெருவழியின் மேற்கு முனையை இயற்கை மூடியது. கிழக்கு முனையை நாம் என்ன செய்தோம்? கொடுமணலுக்கு அருகே நொய்யலின் குறுக்கே 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென எழுந்து, திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அன்றும் நொய்யற்கரையின் சரக்கு கடல்கடந்தது; இன்றும் கடக்கிறது. அன்றைய தொழிலின் எச்சத்தை ஆராய்ச்சியாளர் மண்ணில் தேடிக் கண்டெடுத்துப் பெருமையுடன் காட்சிக்கு வைக்கின்றனர். நம் தொழிலின் எச்சமோ தேடாமலே கிணற்றுநீரில் தெரிகிறது.

கொங்கின் பழம்பெருமை பேசுவோர் வெள்ளலூர்க் காசோடு நின்றுவிடுவதுண்டு. அக்காசு நடந்துவந்த வழி முழுவதையும், கழிமுகம் முதல் நொய்யற்கரை வரை, ஒருமுறை கடந்துபார்க்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காசு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆறுதான் நம் பொறுப்பில் இருக்கிறது.